பழைய மாருதி 800 கொதிக்கிறதா? எப்போது கொதிக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணே, வண்டி கொதிக்குது" என்று போய் நின்றால், பழைய வண்டிகளில் கைபழகிய மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்பார்: "நிக்கும்போதா தம்பி, ஓடும்போதா?" இதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), ஃபேன், மூடி, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) என்று எது கெட்டாலும் டேஷ்போர்டில் ஏறுவது அதே ஒரு முள்தான். ஆனால் எது கெட்டிருக்கிறதோ அதற்கேற்ப முள் ஏறும் நேரம் மாறும். நேரத்தைக் கவனிக்காமல் பாகத்தை மாற்றத் தொடங்கினால் நல்ல பாகங்கள் குப்பைக்குப் போகும், கோளாறு வண்டியிலேயே இருக்கும்.

என்னிடம் இருப்பது 1998 மாடல், கார்புரேட்டர் வைத்த மாருதி 800. 1983 டிசம்பரில் வந்த இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இன்று சாலையில் ஓடும் ஒவ்வொரு 800-க்கும் வயது பத்தைத் தாண்டிவிட்டது. மூன்று சிலிண்டர், 796 சிசி, சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட். சூடு தாங்காமல் முதலில் வளைவது அந்த ஹெட்தான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த வண்டியை மனதில் வைத்துத்தான். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறுபடுமோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

நடுரோட்டில் முள் சிவப்பைத் தொட்டால்

ஏசி ஓடினால் முதலில் அதை அணையுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் அதிக வேகத்தில் விடுங்கள். உள்ளே உட்கார முடியாது, உண்மைதான். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான்; இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்த இடம் கிடைத்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ரேடியேட்டர் மூடியை அப்போது தொடவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்த மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தம்தான். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய், தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறந்தாலும் கை வெந்துபோகும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். சூடான இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வளையலாம், விரிசலும் விடலாம். அவசரப்பட்டு மிச்சம் பிடிக்கும் பத்து நிமிடத்துக்கு அது பெரிய விலை.

ஒன்றை மறக்காதீர்கள்: கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். சென்சாரைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் இல்லாமல் போனாலும் முள் இறங்கும். அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நிலை. உடனே அணையுங்கள்.

சோதனைக்கு முன், விடியற்காலையில்

இரவெல்லாம் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளேயே பாருங்கள். பிளாஸ்டிக் ரிசர்வ் டேங்கில் இருக்கும் அளவை நம்ப வேண்டாம். டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருந்த வண்டிகள் ஏராளம். ரேடியேட்டரின் கழுத்து வரை தண்ணீர் நிற்க வேண்டும். செங்கல் நிறமாக இருந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தால் நேராக ஹெட் கேஸ்கெட் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

முள் உண்மை சொல்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இக்னிஷனைப் போட்டு, டெம்பரேச்சர் சென்சாரின் ஒயரைக் கழற்றினால் முள் கீழே கிடக்க வேண்டும். அந்த ஒயரை நொடிப்பொழுது இன்ஜின் உலோகத்தில் தொட்டால் மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நல்லவை. அதற்குமேல் சந்தேகம் இருந்தால் சென்சாரை மாற்றிப் பாருங்கள்.

சிக்னலில் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

நம் ஊர் நெரிசலில் அதிகம் வரும் புகார் இது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த வேலையை ஃபேன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டரும் பம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. எனவே ஃபேனைப் பாருங்கள்.

மாருதி 800-இல் இருப்பது மின்சார ஃபேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும் வரை காத்திருங்கள். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ஃபேன் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுங்கள். அப்போதும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. பெரும்பாலும் கார்பன் தேய்ந்திருக்கும். நேரடியாகக் கொடுத்தால் சுற்றுகிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். இக்னிஷனைப் போட்டு, தண்ணீர் சூடேறியதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ ஸ்விட்சின் சாக்கெட்டைக் கழற்றி, அதில் வரும் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று இணையுங்கள். ஒற்றை ஒயர்தான் என்றால் அதை இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள். இப்போது ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. சுற்றாவிட்டால் ரிலே, ஒயர், எர்த் இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கையை மட்டும் ஃபேனிலிருந்து விலக்கியே வையுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

என் வண்டியில் நடந்ததும் இதுதான். இரண்டு கோடைக்காலம் சிக்னல்தோறும் முள் ஏறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றினார்கள். அடுத்த முறை வாட்டர் பம்ப். மூன்றாம் முறை தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டார்கள். கடைசியில் வேறொரு பெரியவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்: தெர்மோ ஸ்விட்சுக்கு வரும் ஒயர், மேலுறை நன்றாக இருக்க உள்ளே கம்பி அறுந்திருந்தது. வண்டி குலுங்கும்போது ஒட்டிக்கொள்ளும், நிற்கும்போது விட்டுவிடும். இரண்டு விரலால் ஒயரை அங்கங்கே மடக்கி மடக்கிப் பார்த்தார். ஒரு இடத்தில் துவண்டு மடங்கியது. நான் செலவழித்த பணத்தைவிட, என்னை யாரும் "எப்போது சூடாகிறது?" என்று கேட்கவே இல்லை என்பதுதான் இன்றும் மனதில் நிற்கிறது.

ஃபேன் சுற்றினாலும் இன்னொன்று பாருங்கள். மோட்டார் மாற்றிய வண்டிகளில் ஒயர் மாறிக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்த் திசையில் சுற்றும். ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் தள்ளப்பட்டால் காற்று தலைகீழாகப் போகிறது.

அம்பாசடரிலும் பத்மினியிலும் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியிலேயே மாட்டியிருக்கும், ஃபேன் பெல்ட்டால் சுற்றும். அங்கே ஒயர் சிக்கல் இல்லை. பெல்ட் தொய்வுதான் சிக்கல். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்கினால் போதும். உள்பக்கம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்ட பெல்ட், இறுக்கினாலும் வழுக்கும்.

பைபாஸில் ஏறுகிறது, மலையில் ஏறுகிறது, நின்றால் சமாளிக்கிறது

இது முந்தையதற்கு நேர் எதிர். காற்று போதுமான அளவு வருகிறது, ஆனால் இன்ஜின் உண்டாக்கும் சூட்டைத் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்க முடியவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டியின் 36 வளைவுகளையோ இரண்டாவது கியரில் ஏறும்போது இந்தக் குறை கட்டாயம் வெளியே வந்துவிடும்.

முதல் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பு. இதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் ஊற்றிய போர் தண்ணீர். இட்லிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகின்றன. படிவு குழாயைக் குறுக்குவதோடு நிற்பதில்லை. சூடு வெளியே போகாமல் போர்வை போலவும் மூடிவிடுகிறது. வண்டியை நன்றாக ஓட்டி வந்து அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பரப்பை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அங்கங்கே அளந்து பாருங்கள். சூடு ஒரே சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை.

செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் பற்றுவைத்திருக்கும் மேல் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி பற்றுவைத்துத் தருவார்கள். அலுமினியக் கோரில் பிளாஸ்டிக் டேங்க் கவ்வியிருக்கும் வகைக்கு இது சரிப்படாது. கெமிக்கல் விட்டு அலசிப் பார்க்கலாம், தீராவிட்டால் புதிதுதான். வெளிப்பக்கத் தகடுகளில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் துப்பாக்கியை அருகில் கொண்டுபோனால் தகடுகள் மடங்கி, அடைப்பைவிட மோசமாகிவிடும்.

ரேடியேட்டர் நன்றாக இருந்தால் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். அது பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம். ரப்பர் நைந்துபோன ஹோஸ், இன்ஜினை முறுக்கும்போது உறிஞ்சும் வேகத்தில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். முறுக்கலை விட்டால் பழையபடி விரியும். நிற்கும் வண்டியில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸையே பார்த்துக்கொண்டிருங்கள். வாட்டர் பம்பின் இறக்கைகள் துருவில் கரைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

சூடு எப்போதும் தண்ணீர்ப் பக்கத்துக் குறை அல்ல என்பதும் இங்கே முக்கியம். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும், கார்புரேட்டர் ஜெட் அடைத்துப் பெட்ரோல் குறைவாகப் போனாலும் இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும். ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு வீல் ரிம்மையும் கிட்டக் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தகித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கோடு மல்லுக்கட்டித்தான் இன்ஜின் கொதிக்கிறது.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே ஏறுகிறது

இன்ஜின் தொட முடியாத சூடு, ரேடியேட்டரும் கீழ் ஹோஸும் சில்லென்று இருக்கின்றன. தண்ணீர் நிறைவாக இருந்தும் இப்படி என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது. கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். திறக்கும் வெப்பநிலை அதன் விளிம்பிலேயே அச்சிட்டிருக்கும். 82 என்றிருந்தால் அந்தச் சூட்டில் மெல்லத் திறக்கத் தொடங்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். எடுத்து ஆறவிட்டால் முழுதாக மூட வேண்டும். திரும்ப மாட்டும்போது அதன் சிறிய காற்றுத் துளை மேல்பக்கம் வரட்டும்.

"நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டிப் போட்டுடலாம்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஓடவேண்டிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போகும். தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். முள் எப்போதும் அடியிலேயே கிடக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது என்றால், முந்தைய கை எதுவோ அதைக் கழற்றியிருக்கும், அல்லது அது திறந்தபடி சிக்கியிருக்கும். இன்னொரு தீமையும் உண்டு: கழற்றியதால் அடைபட்ட ரேடியேட்டரின் அறிகுறி சில மாதம் மறைந்திருந்து, சரியாக ஒரு நீண்ட பயணத்தில் வெளிப்படும்.

தண்ணீர் குறைகிறது, ஒழுகலைக் காணோம்

இரவில் வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும்; உள்ளே சீல் போனால் தண்ணீர் அதன் வழியாக வரும்படியே அதை வைத்திருக்கிறார்கள். அதை அடைப்பது தீர்வாகாது, பம்பைத்தான் பார்க்க வேண்டும். ஹோஸ் கிளிப்புகள், இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் காசு மாதிரி அடித்திருக்கும் வட்டத் தகடுகள் ஆகியவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். ஆறிய பிறகு ஒழுகாமல், சூட்டில் மட்டும் கசிந்து அங்கேயே ஆவியாகிவிடும் ஒழுகல் அந்தத் தடத்தால்தான் பிடிபடும். முன்சீட்டுக் கால்மிதி ஈரமாகி, இனிப்பான வாசனை வந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர் கசிகிறது.

கேஸ் கிட் மாட்டிய வண்டிக்காரர்கள் அதன் வேப்பரைசரையும் சேர்த்துப் பாருங்கள். கேஸை ஆவியாக்கும் சூடு அதற்கு இன்ஜின் தண்ணீரிலிருந்துதான் போகிறது. அந்த ஹோஸ்கள் யார் கண்ணிலும் படாமல் நைந்துபோகும். கேஸில் ஓடும்போது வேப்பரைசரின் மேல் பனி படிந்து, வண்டி திணறினால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

வழியில் ஒழுகலை நிறுத்த ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். ஆளில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் வீடு சேர அது உதவலாம். வந்து சேர்ந்ததும் முழுவதையும் அலசிவிடுங்கள். ஓட்டையை அடைத்த அதே தூள் நல்ல குழாய்களையும் அடைக்கும்.

ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது, ரேடியேட்டர் குறைகிறது

மூடியை மாற்றுங்கள். இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. அதில் இரண்டு வால்வுகள். பெரியது அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது: 0.9 என்று போட்ட மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் சமவெளியில் 100-இலேயே கொதிக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 93-இலேயே கொதித்துவிடும். சிறிய வால்வு, இன்ஜின் ஆறும்போது டேங்குக்குப் போன தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுகிறது. அது சிக்கிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். டேங்குக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். மாற்றும்போது பழைய மூடியில் போட்டிருக்கும் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் கூடினால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

குமிழி, வெள்ளைப் புகை, மோர் போன்ற ஆயில்

இதுதான் எல்லோரும் பயப்படும் ஹெட் கேஸ்கெட். பயத்தினாலேயே ஆதாரமில்லாமல் ஹெட்டை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். முதலில் நிரூபணம் தேடுங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. மூடியை மாட்டி இன்னொரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் சூடாகும் முன்பே, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: இரண்டு பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்றும் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்மையான பிசுக்கு இருந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் மோராக வந்தால் பிறகு சந்தேகமில்லை. காலையில் மட்டும் வந்து மறையும் வெள்ளைப் புகையும் வெறும் ஈரத்தால் வருவதுதான். சூடான பிறகும் நிற்காத புகைதான் கெட்டது.

உறுதியானால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், கட்டி இழுத்துப் போங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹெட்டை இறக்கிய பிறகு கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டிவிட விடாதீர்கள். நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து, பரப்பை மட்டமாக்கியாக வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும். கை அளவில் இறுக்கிய ஹெட் மறு கோடையில் திரும்ப வரும். எதனால் கொதித்து கேஸ்கெட் போனது என்பதையும் மேலே சொன்ன வழியில் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதிய கேஸ்கெட்டும் போகும்.

வேலை முடிந்து நிரப்பும்போது

வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். ஹீட்டரைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றிக்கொண்டே மேல், கீழ் ஹோஸ்களைக் கையால் பிசைந்துவிடுங்கள். உள்ளே மாட்டிய காற்று குமிழியாக வரும். மூடி இல்லாமல் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்கள். பிறகு ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். வேலை பார்த்த மறுநாள் முள் மேலும் கீழுமாக அலைந்தால் அது பெரும்பாலும் இந்தக் காற்றுதான். குளிர்ந்ததும் மறுபடி நிரப்புங்கள்.

நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இங்கே நமக்கு வேண்டியது அதிலிருக்கும் துருத் தடுப்பான். அலுமினிய ஹெட்டும் இரும்பும் பித்தளையும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அரிப்பு நிச்சயம். பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேறு வகைக் கூலன்ட்டோடு கலக்காதீர்கள். வடித்ததைத் தெருவில் ஊற்ற வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.